வாசலினும் வெடித்த பாதங்களும்



நம் வீடுகள் பலவற்றில் ஒரு வாசலின் டப்பா இருக்கும். உதடு வெடித்தாலும் குதிகால் வெடித்தாலும் கை அதைத்தான் தேடும். பெட்ரோலிய எண்ணெயிலிருந்து கிடைக்கும் இப்பொருளுக்கு 1872-இல் அமெரிக்கரான ராபர்ட் செஸ்பரோ காப்புரிமை பெற்றார். இது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று நாம் அறிந்திருப்பது நல்லது. சிலருக்கு அவர்களுடைய கால் தப்புவதே அதைப் பொறுத்திருக்கிறது.

1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் அழிவதற்கு வலி தெரியாமல் ஏற்படும் காயங்களே பெரும் காரணம் என்று எடுத்துக்காட்டினார். 1955-இல் தொடங்கப்பட்ட கரிகிரி ஷீஃப்லின் மருத்துவமனையிலும் அந்தப் பணி தொடர்ந்தது.

நரம்பு பழுதான பாதத்தில் உணர்வு போவதோடு வியர்வையும் நின்றுவிடுகிறது. ஈரமில்லாத தோல் தடித்து வெடிக்கிறது. வெடிப்பின் வழியே கிருமிகள் நுழைகின்றன. வலி தெரியாததால் அவர் நடந்துகொண்டே இருப்பார். புண் எலும்பு வரை இறங்கிவிடும்.

வாசலின் தோலுக்கு ஈரத்தைக் கொடுப்பதில்லை. இருக்கிற ஈரம் வெளியேறாமல் காக்கிறது. ஆகவே காய்ந்த காலில் பூசுவதால் பலன் குறைவு. புண் இல்லாத காலைத் தினமும் சுமார் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, சூடு தெரியாமல் கால் வெந்துபோகும். தடித்த காய்ப்பைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்கலாம், பிளேடால் வெட்டக்கூடாது. பின்பு ஈரம் காயுமுன் வாசலின் பூச வேண்டும். தேங்காயெண்ணெயும் உதவும். விரலிடுக்குகளை மட்டும் துடைத்து உலர வைக்க வேண்டும்.

இதற்கு மேல் வாசலினிடம் எதிர்பார்க்கக் கூடாது. அது போன உணர்வைத் திருப்பித் தராது. தொழுநோய்க் கிருமியைக் கொல்லாது. அதற்குக் கூட்டு மருந்து இருக்கிறது. உள்ளங்காலில் புண் வந்துவிட்டால், காலுக்கு ஓய்வும் மருத்துவரின் சிகிச்சையும் தேவை. புண் ஆறியபின் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு அவசியம்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் உழைப்போர் சிலருக்குக் குரோம் உப்பினால் கைகளில் அரிப்பும் வெடிப்பும் வருகின்றன. வாசலின் வறட்சியைத் தணிக்கும். ஒவ்வாமையைப் போக்காது, கையுறைக்கு ஈடாகவும் ஆகாது.

சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்; ஆனால் அவர்கள் மருத்துவரைக் கேளாமல் காலை ஊறவைக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவருக்குக் காலில் உணர்வு குறைந்திருந்தால், இன்று மாலையே அவருடைய உள்ளங்கால்களை வெளிச்சத்தில் பாருங்கள். புண்ணோ, சிவப்போ, வீக்கமோ கண்டால், டப்பாவை மூடிவிட்டு அவரை மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.