ஐந்து ஆண்டுப் பயணம், நாற்பது ஆண்டு வீடு

எழுத வரவில்லை, புதிதாக ஒன்றும் தோன்றவில்லை என்று யாராவது சொன்னால், ‘எங்காவது போய்விட்டு வாருங்கள்’ என்பதுதான் இன்று எல்லோரும் தரும் யோசனை. மலையும் கடலும் மனத்தைத் திறக்கும், வீடும் வேலையும் அதை மூடிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதற்குச் சாட்சியாக அடிக்கடி அழைக்கப்படுபவர் சார்லஸ் டார்வின். பீகிள் கப்பலில் உலகைச் சுற்றினார், கலாபகஸ் தீவுகளில் குருவிகளைப் பார்த்தார், பரிணாமக் கொள்கை பிறந்தது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அவர் வாழ்க்கையை நிதானமாகப் புரட்டினால் கிடைக்கும் பாடமே வேறு. பயணம் அவருக்குக் கேள்விகளைத் தந்தது. விடைகளைத் தந்தவை வீட்டில் கழிந்த சாதாரண நாட்கள்.

1831 டிசம்பர் 27 அன்று பிளிமத்திலிருந்து கிளம்பிய பீகிள், 1836 அக்டோபரில்தான் இங்கிலாந்து திரும்பியது. ஏறக்குறைய ஐந்து ஆண்டு நீண்ட அந்தப் பயணத்தில் கலாபகஸுக்குக் கிடைத்தது ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்திலும் டார்வின் முக்கியமான சிலவற்றைக் கோட்டைவிட்டார். ஆமையைப் பார்த்தே அது எந்தத் தீவைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம் என அங்கிருந்த துணை ஆளுநர் சொன்னபோது, அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சேகரித்த குருவிகள் பலவற்றுக்கு எந்தத் தீவில் கிடைத்தன என்று குறித்து வைக்கவுமில்லை. அலகுகள் வெவ்வேறாக இருந்ததால் அவை வெவ்வேறு வகைப் பறவைகள் என்றே நினைத்தார். 1837 ஜனவரியில் லண்டனில் பறவையியலாளர் ஜான் கூல்ட் அவற்றை ஆராய்ந்து, எல்லாமே நெருங்கிய உறவுடைய ஃபிஞ்ச் குருவிகள் என்றார். கப்பலில் உடன் வந்தவர்கள் தீவின் பெயரோடு வைத்திருந்த குருவிகளைக் கொண்டு, தான் விட்டதை டார்வின் சரிசெய்ய முயன்றது அதன் பிறகுதான். உயிரினங்கள் மாறுவது பற்றிய தனிக் குறிப்பேட்டை அந்த ஆண்டு ஜூலையில் தொடங்கினார். அப்போது அவர் எந்தத் தீவிலும் இல்லை. லண்டனில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்.

1842இல், அன்று கென்ட் பகுதியில் இருந்த டவுன் என்ற கிராமத்தில் குடியேறினார். 1882இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகள், அதுதான் அவர் வீடு. கடல் கடந்து அவர் மறுபடி எங்கும் போகவில்லை. காலையில் சிறு நடை, பிறகு வேலை, கடிதங்கள், மறுபடி வேலை, தோட்டத்தை ஒட்டிய மணல் பாதையில் சுற்றிச் சுற்றி நடை என்று நாட்கள் ஒரே மாதிரி ஓடின. 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள், கடற்பாறைகளிலும் கப்பலடியிலும் ஒட்டிக்கொள்ளும் பார்னக்கிள்களை அறுத்துப் பார்ப்பதில் கழித்தார். ஒரே இனத்துக்குள்ளும் உயிருக்கு உயிர் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதை அவர் கைப்பட உணர்ந்தது அந்த வேலையில்தான். அந்த வேறுபாடு இல்லையென்றால், சூழலுக்கு ஏற்ற உயிர்களே தங்கிப் பெருகும் என்கிற இயற்கைத் தேர்வுக்குத் தேர்ந்தெடுக்க எதுவுமில்லை.

தீவுகள் எழுப்பிய கேள்வி ஒன்று அவரை விடவில்லை. நடுக்கடலில் எழுந்த எரிமலைப் பாறைக்குச் செடிகொடிகள் எப்படி வந்து சேர்ந்தன? இதற்காக அவர் மறுபடி கப்பல் ஏறவில்லை. விதைகளை உப்புநீரில் ஊறப்போட்டார். 87 வகை விதைகளில் 64 வகை, 28 நாள் ஊறிய பிறகும் முளைத்தன. ஒரு பிப்ரவரி மாதம் சிறு குளமொன்றின் ஓரத்தில் மூன்று இடங்களிலிருந்து மூன்று கரண்டிச் சேறு எடுத்துவந்தார். எல்லாம் சேர்ந்து காலை உணவுக் கோப்பை ஒன்றில் அடங்கிவிட்டது. அதை மூடிப் படிப்பறையில் ஆறு மாதம் வைத்து, முளைத்த ஒவ்வொரு செடியையும் பிடுங்கி எண்ணினார். மொத்தம் 537 செடிகள். நீர்ப்பறவையின் காலில் ஒட்டும் சேறு எவ்வளவு தொலைவுக்கு எத்தனை விதைகளைக் கொண்டுபோகக்கூடும் என்பதற்கு அந்தக் கோப்பை விடை சொன்னது. 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் கலாபகஸும் இருக்கிறது, இந்தக் கோப்பையும் இருக்கிறது.

பயணமே இல்லாவிட்டால் கேள்வியே பிறந்திருக்காதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பயணம் வீண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதே கப்பலில் அதே தீவுகளைப் பார்த்த கேப்டன் ஃபிட்ஸ்ராய், பிற்காலத்தில் பரிணாமக் கொள்கையை வெளிப்படையாக எதிர்த்தார். கண்ட காட்சி ஒன்றே எல்லோருக்கும் ஒரே சிந்தனையைத் தந்துவிடுவதில்லை. டார்வின் காலத்து இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் பயணத்தில் இருக்கும்போதே இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்தாரே என்றும் கேட்கலாம். அவர் மலாய்த் தீவுக்கூட்டத்தில் 1854 முதல் 1862 வரை எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். சுற்றுலாப் பயணியாக அல்ல, பூச்சியும் பறவையும் பிடித்து விற்றுப் பிழைத்தவராக. புதிய உயிரினங்கள் தோன்றுவது பற்றிய அவரது 1855ஆம் ஆண்டுக் கட்டுரை சராவாக்கில் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கியபோது எழுதப்பட்டது. 1858இல் இயற்கைத் தேர்வு என்ற பெரிய எண்ணம் தோன்றியபோது அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். ஓடிக்கொண்டிருந்தபோது சேர்த்தவை எல்லாம், ஓட முடியாமல் நின்ற நாட்களில்தான் அவருக்குப் பொருள்பட்டன.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. டார்வினுக்குச் சொத்து இருந்தது, வேலையாட்கள் இருந்தார்கள், வீட்டுப் பொறுப்பை மனைவி எம்மா சுமந்தார். மாதச் சம்பளத்தில் ஓடுகிறவருக்கு இது எப்படிப் பொருந்தும்? இந்த ஏற்றத்தாழ்வை மறைக்கக் கூடாது. ஓய்வு நேரம் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை, அதிலும் பெண்களுக்கு மிகக் குறைவு. ஆனால் உடல்நலக் குறைவால் டார்வினும் ஒரு நாளில் சில மணி நேரமே வேலை செய்ய முடிந்தது. வாலஸோ, வீட்டில் பணமில்லாததால் சிறுவயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது செல்வம் அல்ல, ஒரே பொருளிடம் நாள்தோறும் திரும்பி வருகிற பொறுமை. பணம் இல்லாதவருக்கு உலகம் சுற்றுவது எட்டாக் கனி; ஒரு கரண்டிச் சேறு எட்டும்.

ஆகவே வாய்ப்புக் கிடைத்தால் பயணம் போங்கள். போகும் இடத்தில் புகைப்படங்களோடு ஒரு கேள்வியையும் எழுதி வையுங்கள், தேதியும் இடமும் குறித்து. திரும்பி வந்த மறுநாளிலிருந்து, அரை மணி நேரமாவது, அந்தக் கேள்வியோடு உட்காருங்கள். போக முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. ஆறு மாதம் விடாமல் பார்ப்பதற்கான ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கிறது.