மண்ணின் இசையைத் தேடிய ஐவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவின் தலைநகரமாக விளங்கிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இசைக்குக் குறைவே இல்லை. எனினும், அங்குள்ள அரங்குகளில் பெரிதும் போற்றப்பட்டவை இத்தாலிய, ஜெர்மானிய இசைப்படைப்புகளே. உழவர்களின் பாடல்களும் தேவாலய மணியோசையும் மக்களின் காதுகளில் நாள்தோறும் விழுந்தன. ஆயினும், அவற்றுக்கு அரங்கில் உரிய இடம் கிடைக்கவில்லை.

இந்நிலையை மாற்ற வழிகாட்டியவர் மிகாயில் கிளிங்கா. இத்தாலியிலும் பெர்லினிலும் இசை பயின்று தாயகம் திரும்பிய அவர், 1836ஆம் ஆண்டில் ‘ஜார் மன்னருக்காக ஓர் உயிர்’ என்னும் ஓப்பராவை அரங்கேற்றினார். ஓப்பரா என்பது கதைமாந்தர்கள் பாடியே நடிக்கும் இசை நாடகமாகும். கிளிங்கா ஓர் எளிய குடியானவனைக் கதைத்தலைவனாக்கினார். நாட்டுப்புறப் பாடல்களின் சாயலை இசையில் இழையோடவிட்டார்.

கிளிங்கா காட்டிய பாதையில் ஐந்து இளைஞர்கள் நடைபோட்டனர். அவர்களுக்குத் தலைவராக விளங்கியவர் மிலி பாலகிரேவ். மற்ற நால்வருக்கும் இசை முழுநேரத் தொழிலன்று. சேசர் கூய் இராணுவப் பொறியாளர். ரிம்ஸ்கி-கோர்சக்கோவ் கடற்படை அதிகாரி. முசோர்க்ஸ்கி படையை விட்டு விலகி அரசாங்க அலுவலகத்தில் பணிபுரிந்தவர். போரோடின் வேதியியல் பேராசிரியர். ஓய்வு நேரங்களில் பாலகிரேவின் வீட்டில் கூடி, ஒருவர் படைப்பை மற்றவர் வாசித்தும் விமர்சித்தும் அவர்கள் கற்றுக்கொண்டனர். 1867ஆம் ஆண்டில் திறனாய்வாளர் ஸ்டாசோவ் இவர்களை ‘வல்லமைமிக்க சிறு குழு’ என்று குறிப்பிட்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது.

நேரமின்மை போரோடினைப் பெரிதும் வாட்டியது. ஆய்வுக்கூடமும் மாணவர்களும் அவரது நாளை விழுங்கிவிடுவர். உடல்நலம் குன்றி வீட்டில் இருக்கும்போதுதான் அவரால் இசையமைக்க முடிந்தது. அதனால், நண்பர்கள் அவர் நோயுறட்டும் என்று வேடிக்கையாக வாழ்த்துவார்களாம்!

இக்குழுவினரின் இசையைச் சுவைக்க விரும்புவோர் முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சியில் சித்திரங்கள்’ என்னும் படைப்பிலிருந்து தொடங்கலாம். அவருடைய நண்பரும் ஓவியருமான ஹார்ட்மன் 1873ஆம் ஆண்டில் திடீரென மறைந்தார். மறு ஆண்டு, அவருடைய ஓவியங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அதைக் கண்டு நெகிழ்ந்த முசோர்க்ஸ்கி, பத்துச் சித்திரங்களைப் பியானோ இசையாக வடித்தார்.

தொடக்கத்தில் ஒலிக்கும் மெட்டு, பார்வையாளர் ஒருவர் கண்காட்சியில் நடந்து செல்வதைக் காட்டுகிறது. அதில் ஐந்து தட்டும் ஆறு தட்டும் மாறி மாறி வருவதால், நின்று நின்று நடப்பது போன்ற உணர்வு எழுகிறது. பின்னர், பாரமேறிய மாட்டுவண்டி கனத்த ஒலியோடு நகர்ந்து வருகிறது. முட்டையோட்டை விட்டு முழுதும் வெளிவராத குஞ்சுகள் துள்ளி ஆடுகின்றன. இறுதியில், கீவ் நகருக்காக ஹார்ட்மன் வரைந்த மாபெரும் நுழைவாயில் மணியோசையுடன் எழுந்து நிற்கிறது. அந்த வாயில் கட்டப்படவே இல்லை. இசையில் மட்டும் அது இன்றும் நிலைத்திருக்கிறது. 1922ஆம் ஆண்டில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இதனைப் பல இசைக்கருவிகள் சேர்ந்து இசைக்கும் வடிவத்திற்கு மாற்றினார். இன்று அவ்வடிவமே உலக அரங்குகளில் மிகுதியாக ஒலிக்கிறது.

ஐவரின் ஆர்வத்திற்கு எல்லையில்லை. ஆனால், ஆர்வம் மட்டும் போதுமா? 1862ஆம் ஆண்டில் ஆன்டன் ரூபின்ஸ்டைன் அந்நகரில் இசைக்கல்லூரியைத் தொடங்கியபோது இக்கேள்வி பெரிதாக எழுந்தது. கல்லூரிப் பயிற்சி ரஷ்ய இசையின் தனித்தன்மையை அழித்துவிடும் என்று பாலகிரேவ் அஞ்சினார். மாறாக, நீதி அமைச்சில் எழுத்தராக இருந்த சாய்கோவ்ஸ்கி, அவ்வேலையைத் துறந்து அக்கல்லூரியில் முறையாகப் பயின்றார். அவர் மண்ணை மறந்துவிடவில்லை. அவரது நான்காம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில் ரஷ்ய நாட்டுப்புற மெட்டு ஒன்று துள்ளலுடன் ஒலிக்கிறது.

1871ஆம் ஆண்டில் அதே கல்லூரி, ரிம்ஸ்கி-கோர்சக்கோவைப் பேராசிரியராக அழைத்தது. அவர் பல படைப்புகளை இயற்றியிருந்தாலும் இசை இலக்கணத்தை முறையாகக் கற்றதில்லை. தம் குறையை உணர்ந்த அவர், மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டே தாமும் மாணவராகிப் பல ஆண்டுகள் பயிற்சி செய்தார். நண்பர்கள் சிலருக்கு இது கொள்கையைக் கைவிடுவதாகத் தோன்றியது.

அந்தக் கல்வியின் பயன் பின்னரே புலப்பட்டது. 1881இல் முசோர்க்ஸ்கி தமது 42ஆம் வயதில் மறைந்தார். 1887இல் போரோடினும் காலமானார். பதினெட்டு ஆண்டுகளாக அவர் எழுதிவந்த ‘இளவரசர் ஈகோர்’ ஓப்பரா முற்றுப்பெறாமல் கிடந்தது. ரிம்ஸ்கி-கோர்சக்கோவ் தம் மாணவர் கிளாசுனோவுடன் இணைந்து அதனை நிறைவு செய்தார். 1890இல் அது மேடையேறியது. முசோர்க்ஸ்கியின் கையெழுத்துப்படிகளையும் அவரே ஒழுங்குபடுத்தினார். அவற்றை அளவுக்கு மீறித் திருத்திவிட்டார் என்ற குறை பின்னாளில் எழுந்தது உண்மையே. எனினும், அவரது உழைப்பே நண்பரின் ஓப்பராக்களை உலகறியச் செய்தது.

1888இல் அவர் இயற்றிய ‘ஷெஹராசாட்’ அரேபிய இரவுக் கதைகளைத் தழுவியது. அதில் முரட்டுத்தனமாக முழங்கும் ஊதுகருவிகள் சினங்கொண்ட சுல்தானை உணர்த்துகின்றன. மெல்லிய வயலினொலி கதைசொல்லும் பெண்ணைக் குறிக்கிறது. இவ்விரு குரல்களையும் பின்தொடர்ந்து கேட்டால், சுல்தானின் சினம் படிப்படியாகத் தணிவதைச் சொற்களின்றியே உணரலாம். கடற்படையில் பணிபுரிந்தவர் கண்ட அலைகளும் அவ்விசையில் எழுந்து விழுகின்றன.

மண்ணின் மணம் ரஷ்ய இசைக்கு உயிர் கொடுத்தது. முறையான பயிற்சி அவ்வுயிருக்கு உறுதியான உடலைத் தந்தது. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும், அன்றைய உழவர்களின் மெட்டுகள் இன்று உலகின் அரங்குகளில் ஒலித்திருக்குமா என்பது ஐயமே.