இரண்டாவது மங்கு தெரிகிறதா? வரிசைப் பொருள்களைப் படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஈப்போ – சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் இன்னும் பால்வெட்டு நடக்கும் சிறு ரப்பர்க் காடு ஒன்றில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால், மரத்துக்கு மரம் ஒரே காட்சிதான். அதே சாய்வான வெட்டு, பால் வடிய அடித்த அதே சிறு தகரம், அதே கம்பி, அதில் அதே மங்கு. ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம் வெட்டியவர்களுக்கு மங்கில் பார்ப்பதற்கு என்ன இருந்திருக்கும்? அதைப் படம் எடுக்க வேண்டும் என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை.

இன்று தோன்றுகிறது. பேராக்கின் ரப்பர் நிரைகள் பலவும் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. தோட்டத்தில் பிறந்து பட்டணத்தில் குடியேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் கைப்பேசியும் கேமராவுமாகப் பழைய இடங்களைத் தேடிப் போகிறார்கள். அப்படிப் போனவர்கள் புலனத்திலும் முகநூலிலும் பகிரும் படங்களில் ஒரு வகை அதிகம் கண்ணில் படுகிறது: ஒரு மங்கு மட்டும் பளிச்சென்று தெளிவாக இருக்கும், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் பஞ்சுபோல் கரைந்திருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் பல படங்களில் அந்தக் கரைசலுக்குள் தோட்டமே காணாமல் போய்விடுகிறது. பின்னால் இருப்பது ரப்பர் மரமா, வாழையா, வீட்டு வேலியா என்று சொல்ல முடியாத படத்தைத் தோட்டத்து நினைவு என்று எப்படிப் பத்திரப்படுத்துவது?

இந்த முறையின் அடிப்படை எளியது. கேமரா ஒரு குறிப்பிட்ட தூரத்தில் குவியும்போது, அந்தத் தூரத்துக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் உள்ள பகுதி மட்டுமே கண்ணுக்குத் தெளிவாகப் படும். அந்தப் பகுதியின் அளவைப் புல ஆழம் என்பார்கள். லென்ஸின் துளையை அகலத் திறந்தால் புல ஆழம் குறையும், சுருக்கினால் கூடும். துளையின் அளவை எஃப் எண்ணால் குறிப்பார்கள். எண் சிறிதானால் துளை பெரிது என்பது புதியவர்களைக் குழப்பும் ஒன்று. முழுச்சட்ட கேமராவில் 50 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, இரண்டு மீட்டர் தூரத்தில் உள்ள மங்கில் எஃப் 1.8 வைத்துக் குவித்தால், தெளிவாக விழும் பகுதி ஏறக்குறைய 17 செ.மீ. எஃப் 8க்கு மாற்றினால் அதே பகுதி முக்கால் மீட்டரைத் தாண்டும்.

ரப்பர்க் காட்டில் அகலத் துளை பல நேரம் அழகுக்காக அல்ல, வேறு வழியில்லாமல் வருவது. மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும் விடியற்காலையில்தான் பால் நன்றாக வடியும். அதனால்தான் இருட்டோடு இருட்டாக விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போனார்கள். படம் எடுப்பவருக்கும் அந்த நேரம்தான் வேண்டும். மங்கில் பால் சொட்டும் காட்சி நடுப்பகலில் கிடைக்காது. ஆனால் இலைக்கூரைக்குக் கீழே காலை ஒளி மிகக் குறைவு. எஃப் 8 வைத்தால் ஷட்டர் வேகம் கால் வினாடிக்கு இறங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கை நடுங்கும், படம் அசங்கும். எஃப் 2க்குத் திறந்தால் 16 மடங்கு ஒளி உள்ளே வரும், வேகமும் அறுபதில் ஒரு பங்கு வினாடியைத் தொட்டுவிடும். ஆக அந்த நேரத்துப் படம் பின்னணி மங்கலாக அமைவது இயல்பே. எவ்வளவு மங்கல் என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஆளை எடுக்கும்போது பின்னணி எவ்வளவு கரைந்தாலும் பெரிய நட்டம் இல்லை. முகம் இருந்தால் போதும். ஒரே மாதிரிப் பொருள்கள் வரிசையாக நிற்கும் படம் அப்படியல்ல. அங்கே பின்னணி வேறு, பொருள் வேறு என்பதே இல்லை. பின்னால் மங்கலாகத் தெரிவதும் மங்குதான். முன்னால் உள்ள தெளிவான மங்கைப் பார்த்த கண், பின்னால் உள்ள வெளிறிய உருவங்களையும் ‘இதுவும் அதுவே’ என்று தானாகப் புரிந்துகொள்கிறது. இத்தனை மரம், இத்தனை மங்கு, இத்தனையும் ஒருவர் கை வேலை என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது. உருவம் முற்றாகக் கரைந்துவிட்டால் எண்ணிக்கை போய்விடும். எஞ்சுவது ஒரு கிண்ணம் மட்டுமே. ஆகவே துளையை முடிவு செய்யும்போது முதல் மங்கைப் பார்த்துப் பயனில்லை. அது எப்படியும் தெளிவாகவே விழும். இரண்டாவதையும் மூன்றாவதையும் பார்க்க வேண்டும்.

கணக்குப் போட்டாலே இது விளங்கும். நிரையில் மரங்கள் மூன்று மீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன, முதல் மரம் இரண்டு மீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். அதே 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்தால், இரண்டாவது மங்கு ஓரம் மழுங்கினாலும் வடிவத்தோடு நிற்கும். மூன்றாவது வெறும் வெள்ளைத் திட்டு. நான்காவது கரைந்தே போகும். எஃப் 4 வைத்தால் நான்காவது வரைக்கும் கிண்ண வடிவம் பிழைக்கிறது. காரணம் இதுதான்: தூரம் போகப் போக மங்கலின் அளவு ஓர் எல்லைக்கு மேல் வளர்வதில்லை, ஆனால் படத்தில் மங்கின் அளவு சிறுத்துக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் மங்கல் மங்கைவிடப் பெரிதாகிவிடுகிறது. ‘எஃப் 1.8 லென்ஸ் வாங்கிவிட்டேன், அதனால் எஃப் 1.8இல்தான் எடுப்பேன்’ என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ஒருமுறை எஃப் 4இலும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒளி போதாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை.

நிற்கும் இடமும் முக்கியம். வரிசைக்கு நேர் எதிரே நின்றால் எல்லாப் பொருளும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும். துளையை எவ்வளவு திறந்தாலும் ஒன்று மட்டும் தனித்துத் தெரியாது. வரிசையின் முனைக்குப் போய், அதன் நீளவாக்கில் சாய்வாகப் பார்க்க வேண்டும். மங்கின் உயரத்துக்குக் குனிவதும் நல்லது. நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் தரைச் சருகுதான் படத்தில் பாதியைப் பிடித்துக்கொள்ளும்.

எதைத் தெளிவாக வைப்பது என்பது அவரவர் விருப்பம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் முதலாவதைக் குவிப்பது எல்லோரும் செய்வது. முதல் மங்கை மங்கலாக விட்டு இரண்டாவதில் குவித்தால், பார்ப்பவர் வரிசைக்கு உள்ளே நிற்பதுபோல் இருக்கும். பால் வெட்டியவர் அதைப் பார்த்ததும் அப்படித்தானே. வரிசையில் மாறுபட்ட ஒன்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதில் குவிக்கலாம்: விளிம்பு உடைந்த மங்கு, கவிழ்த்து வைத்த மங்கு, பீங்கான் மங்குகளுக்கு நடுவே வந்து சேர்ந்த பிளாஸ்டிக் மங்கு. பால் வெள்ளை என்பதால் கேமரா ஏமாறும். இருண்ட மரத்தைப் பார்த்து அது ஒளியைக் கூட்டினால், மங்கிலுள்ள பால் வெறும் வெள்ளைத் துளையாகிவிடும். ஒளி அளவை ஒரு படி குறைத்து வைப்பது பாதுகாப்பு.

ரப்பர்க் காடு வரை போக முடியாதவர்களுக்கு ஈப்போவிலேயே வேலை இருக்கிறது. புந்தோங் கச்சாங் பூத்தே கடைகளில் அடுக்கியிருக்கும் கடலை, முறுக்கு வகைகள், ரயில் நிலையத்தின் தூண் வரிசை, தீபாவளிக் காலத்தில் லிட்டில் இந்தியாவில் குவியும் அகல் விளக்குகள், கல்லுமலைக்குத் தைப்பூசத்தன்று போகும் பால்குடங்கள் எல்லாம் இதே இனம்தான். நகருக்கு வெளியே தஞ்சோங் துவாலாங்கில், 1938இல் கட்டப்பட்ட ஈயம் தோண்டும் கப்பலின் இரும்பு வாளிச் சங்கிலியும் உண்டு. கடைப் பொருளைக் கிட்டத்தில் நின்று எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை: தூரம் பாதியானால் புல ஆழம் காலாகக் குறையும். அரை மீட்டரில் அதே லென்ஸுக்கு எஃப் 4 கொடுக்கும் தெளிவு இரண்டரை செ.மீ.கூட இல்லை, ஒரு போத்தலின் முன்பக்கம் மட்டுமே தெளியும். அங்கே எஃப் 8 கூட அதிகமல்ல. பால்குடத்தைப் பொறுத்தவரை, மங்கலாக நிற்பவர்களும் மனிதர்கள். நேர்த்திக்கடனோடு நடப்பவரின் வழியை மறித்துக்கொண்டு குனிந்து படம் எடுப்பது சரியல்ல.

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகம் அருகே நிற்கும் பழம்பெரும் ரப்பர் மரத்தில் இந்த வித்தை பலிக்காது. 1877இல் அங்கு நடப்பட்டவற்றில் எஞ்சியது அது. அடுத்தடுத்து நின்ற அத்தனை நிரைகளுக்கும் மூத்தது, தனியாக நிற்கிறது.

எல்லாவற்றையும் மங்கலில் எடுத்துவிடுவதும் தவறு. ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதியர் 1959 முதல் பல்லாண்டுகள் நீர்த்தொட்டிக் கோபுரங்களையும் சுரங்கக் கோபுரங்களையும் படம் எடுத்தார்கள். ஒரே கோணம், மேகமூட்டமான வானம், அடி முதல் நுனி வரை தெளிவு. அந்தப் படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்டினார்கள். ஒரே மாதிரிப் பொருள்களுக்கு இடையில் உள்ள சின்னச் சின்ன வேறுபாடுகள் அப்போதுதான் தெரிந்தன. அவற்றில் பல இடிக்கப்பட்டுவிட்ட நிலையில் அந்தப் படங்களே இன்று சாட்சி. லயத்துக்கு இந்த முறைதான் பொருந்தும். எட்டுக் கதவு இருந்தால் எட்டையும் தனித்தனியாக, நேராக, எஃப் 8 அல்லது 11இல் எடுத்து வைக்கலாம். ஒரு கதவில் எண், ஒன்றில் மாவிலைத் தோரணத்தின் ஆணி, ஒன்றில் பிள்ளைகள் கரியால் போட்ட கோடு. இவற்றில் எது நாளை யாருக்குத் தேவைப்படும் என்று இன்று தெரியாது. லென்ஸ் மங்கலாக்கி விட்டதைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. அதனால் முதலில் தெளிவான படம், பிறகு அழகான படம். கூடவே தோட்டத்தின் பெயர், எந்த டிவிஷன், என்ன தேதி என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது. தனியார் நிலத்துக்குள் போகுமுன் அனுமதி கேட்பதும் முதல் வேலை.

கைப்பேசி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. கைப்பேசி லென்ஸின் குவியத் தூரம் ஆறு, ஏழு மி.மீ. அளவில்தான் இருக்கும். இரண்டு மீட்டரில் குவித்தால் முன்னும் பின்னும் மீட்டர் கணக்கில் தெளிந்துவிடும். இயல்பான மங்கல் வராது. அதை ஈடுகட்ட வந்ததுதான் ‘போர்ட்ரெய்ட்’ முறை. 2016இல் ஐஃபோன் 7 பிளஸில் வந்தபின் பரவலானது. இரு கோணக் காட்சிகளை ஒப்பிட்டோ, மென்பொருளால் ஊகித்தோ தூரத்தைக் கணித்து, பின்னணியைச் செயற்கையாக மங்கலாக்கும். முகத்துக்கு இது நன்றாக வேலை செய்கிறது. ஒரே மாதிரிப் பொருள்கள் வரிசையாக நின்றால் தடுமாறுகிறது. ஒரு காட்சியில் உள்ள மங்கை மற்றொரு காட்சியில் பக்கத்து மங்கோடு பொருத்திவிட்டால், தூரக் கணக்கே தவறிவிடும். மெல்லிய பொருள்களில் நிலைமை இன்னும் மோசம். பால்வெட்டு நின்றுபோன மரங்களில் மங்கு இருக்காது; அதைத் தாங்கிய கம்பி மட்டும் பட்டைக்குள் பாதி புதைந்து துருவேறி நிற்கும். போர்ட்ரெய்ட் முறை அந்தக் கம்பியையும் பின்னணி என்று எண்ணி அழித்துவிடக்கூடும். அந்த முறையை அணைத்துவிட்டு, கைப்பேசியைக் கம்பிக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய்த் திரையில் கம்பியைத் தொட்டுக் குவித்தால் போதும். அவ்வளவு கிட்டத்தில் கைப்பேசி லென்ஸுக்கும் புல ஆழம் இரண்டு, மூன்று செ.மீ.தான். கம்பி தெளிவாக விழும், பின்னால் உள்ள மரங்கள் மரங்களாகவே மங்கி நிற்கும்.