சிலுவையும் இரத்தக் காட்டேரியும்

கடந்த தவக்காலத்தில் ஒரு வெள்ளி மாலை, சிலுவைப் பாதை முடிந்தபின், நம் பங்கின் இளைஞர் நால்வர் அறைவீட்டுத் திண்ணைக்கு வந்து ஓர் ஐயத்தை வெளியிட்டனர். "சாமி, சிலுவையைக் கண்டால் இரத்தக் காட்டேரி ஓடுமா, ஓடாதா? ஒரு படத்தில் ஓடுகிறது. ஒரு படத்தில் சிரிக்கிறது. இன்னொரு படத்தில், பிடித்திருப்பவனுக்கு விசுவாசம் இருந்தால்தான் ஓடுகிறது. எது சரி?" காட்டேரியே இல்லாதபோது அது எதைக் கண்டு ஓடினால் நமக்கென்ன என்று நகைத்து அனுப்பிவிட்டோம். ஆயினும் இரவு படுக்கைக்குச் சென்றபின், இதே கேள்வியை ஒரு காலத்தில் நாமும் மனத்துள் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது.

அது 1980-களின் நடுப்பகுதி. பங்குத் திருவிழா முடிந்த மறுநாள், ஊரில் நான்கைந்து வீட்டார் பணம் சேர்த்து, டவுனிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் ஓரிரவு வாடகைக்கு எடுத்து வருவார்கள். மூன்று படங்கள் ஓடும். முதல் இரண்டும் தமிழ். மூன்றாவது, பெரியவர்கள் உறங்கியபின், ஏதேனும் ஓர் ஆங்கிலப் பேய்ப்படம். அவ்வாறு ஓரிரவு நாம் கண்டது, இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் 1958-இல் எடுத்த டிராகுலா. படத்தின் இறுதியில் பீட்டர் குஷிங் என்னும் நடிகர் திரைச்சீலையைக் கிழித்துச் சூரிய ஒளியை உள்ளே விடுகிறார். பின்னர் மேசையிலிருந்த இரு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்கே வைத்துச் சிலுவையாக்கி, டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீயை அவ்வொளிக்குள் தள்ளுகிறார். அன்றிரவு செபமாலையை மணிக்கட்டில் மும்முறை சுற்றிக்கொண்டு உறங்கினோம். அதில் ஓர் 'அருள் நிறைந்த மரியே' கூடச் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அத்தண்டுகளை எந்தக் குருவும் ஆசீர்வதித்ததில்லை. அவற்றை ஏந்தியவர் செபித்ததுமில்லை. வடிவம் ஒன்றே வேலை செய்தது. இந்த எண்ணம் திரைப்படத்தார் கண்டுபிடித்ததும் அன்று. 1897-இல் 'டிராகுலா' நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கர், டப்ளின் நகரில் பிறந்த புரொட்டஸ்டாண்டு சபையினர். அவருடைய கதையில் வரும் அறிஞர், நற்கருணை அப்பத்தை நொறுக்கிப் பிசைந்து கல்லறையின் இடுக்குகளில் பூசுகிறார். இது எப்படித் தகும் என்று கேட்டால், தமக்குத் திருச்சபையின் 'பலன்' கிடைத்திருக்கிறது என்கிறார். பலன் என்பது பாவத்துக்குரிய தண்டனையைக் குறைக்கும் அருட்கொடையேயன்றி எதற்கும் அனுமதிச் சீட்டு அன்று; மறைக்கல்வி வகுப்பில் ஐந்தாம் ஆண்டுச் சிறுவனே இதைத் திருத்திவிடுவான். ஆனால் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் நம் சிலுவையையும் தீர்த்தத்தையும் நற்கருணையையும் முதன்முதலில் அறிந்துகொண்டது இக்கதையின் வழியாகவே என்பதை எண்ணினால் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

காட்டேரிப் படங்கள் இத்தனை பெருகியதற்குக் காரணம் சிக்கனம். இராட்சத விலங்கைப் படைக்கப் பணம் வேண்டும். காட்டேரிக்கோ ஒரு கறுப்பு மேலங்கி, பொய்ப்பற்கள், சிவப்புப் பாகு, ஒரு பழைய வீடு போதும். ஹாமரின் படமே ஏறத்தாழ 81,000 பவுண்டுக்குள் முடிந்ததாம். 1976-இல் ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் வி.எச்.எஸ். ஒளிநாடாவை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் இச்சிக்கனத்துக்குப் புதிய சந்தை பிறந்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் படங்களை நாடாவில் விடத் தயங்கின. அவற்றுள் இரண்டு, ஒளிப்பதிவுக் கருவியை எதிர்த்து அமெரிக்காவில் தொடுத்த வழக்கு 1984-இல்தான் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. அதற்குள் வாடகைக் கடைகளின் அடுக்குகளைச் சிறு முதலாளிகளின் மலிவுப் படங்கள் நிரப்பிவிட்டன. இங்கிலாந்தில் பெற்றோர் பதறினர். அரசு வழக்குத் துறையின் பட்டியலில் மொத்தம் 72 படங்கள் ஏறின. 1984-இல் தனிச் சட்டமே வந்தது. அச்சட்டத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்கத் தவறியது 2009-இல் தெரியவர, அடுத்த ஆண்டு அதையே மீண்டும் நிறைவேற்ற வேண்டியதாயிற்று! கால் நூற்றாண்டு தண்டித்த சட்டம், தண்டிக்கத் தகுதியற்றதாய் இருந்திருக்கிறது.

இப்படங்களிற் பெரும்பாலானவை ஒருமுறை காணவும் தகுதியற்றவை. இதில் நமக்கு ஐயமில்லை. எனினும் அந்நால்வரில் திரைக்கலை பயிலும் ஒருவன், "இதை மட்டும் பாருங்கள், சாமி" என்று ஒன்றைத் தன் மடிக்கணினியில் கொண்டுவந்தான். ஜார்ஜ் ரொமெரோ இயக்கிய 'மார்ட்டின்'. பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகள் அதில் உள்ளன. வீட்டில் சிறுவருடன் அமர்ந்து பார்க்கத்தக்கதன்று. முதிர்ந்தவர்களுக்கும் வயிற்றைப் புரட்டும். அதை மறைக்காமல் சொல்லிவிட்டே மேலே செல்கிறோம்.

1976-இல் மிகச் சொற்ப முதலில், நண்பர்களின் உழைப்போடு, பிட்ஸ்பர்க் நகரை அடுத்த பிராடக் என்னும் எஃகு ஆலை ஊரில் அப்படம் எடுக்கப்பட்டது. ஆண்ட்ரு கார்னகியின் பேராலை 1875-இல் எழுந்த ஊர் அது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த கத்தோலிக்கத் தொழிலாளர் அங்கே குடியேறினர். 1920-இல் 20,000 பேருக்கு மேல் வாழ்ந்த அவ்வூரில் 2020-இல் இருந்தோர் 2,000 பேருக்கும் குறைவு. படம் எடுக்கப்பட்டபோதே பாதிக் கடைகள் அடைபட்டுக் கிடந்தன. இரத்தத்தை யாரோ உறிஞ்சிவிட்டது போன்ற ஊரைக் காட்டக் கோட்டை எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

மார்ட்டின் என்னும் இளைஞன், தாதா கூடா என்னும் முதிய உறவினர் வீட்டுக்கு இரயிலில் வந்து சேர்கிறான். முதியவர் மளிகைக் கடைக்காரர். லித்துவேனிய வழிவந்த பக்தர். தம் குலத்தில் ஒரு சாபம் உண்டென்றும் இவன் காட்டேரியென்றும் உறுதியாக நம்புகிறார். முதலில் அவன் ஆன்மாவை மீட்பதாகவும் பின்னர் அவனை அழிப்பதாகவும் வந்த அன்றே அறிவிக்கிறார். கதவெங்கும் பூண்டு, சுவரெங்கும் சிலுவை. மார்ட்டினோ பூண்டைக் கடித்துக் காட்டுகிறான். சிலுவையை எடுத்துத் தன் முகத்தில் ஒற்றிக்கொள்கிறான். மந்திரம் என்று ஒன்றுமில்லை என்று சொல்கிறான். அவனுக்குக் கோரைப்பற்கள் இல்லை. ஊசிமருந்தால் மயக்கி, சவரத் தகட்டால் கீறி, மனிதரைக் கொல்கிறான். அவன் காட்டேரியா, சித்தம் கலங்கியவனா என்பதற்குப் படம் இறுதிவரை விடை கூறவில்லை. ஓரிரவு கறுப்பு மேலங்கியும் நெகிழிப் பற்களும் அணிந்து முதியவரைத் திடுக்கிட வைத்துவிட்டு, வெறும் வேடம் என்று பற்களைத் துப்பிக் காட்டும் இடத்தில் நமக்கு நகைப்பைவிட இரக்கமே மேலிட்டது.

அவன் தன் பாவத்தைச் சொல்லத் துடிக்கிறான். யாரிடம்? நள்ளிரவில் வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசுகிறான். நிகழ்ச்சி நடத்துபவர் அவனுக்குக் 'கவுண்ட்' என்று பட்டம் சூட்டி நேயர்களை மகிழ்விக்கிறார். முதியவரின் பேத்தி கிறிஸ்டீனா ஒருத்திதான் அவனுக்கு வைத்திய உதவி தேவை என்று வாதாடுகிறாள். அவளும் ஊரை விட்டுப் போய்விடுகிறாள்.

நம்மை உலுக்கிய காட்சி வேறொன்று. முதியவர் புதிதாய் வந்த பங்குக் குருவை விருந்துக்கு அழைக்கிறார். அந்தக் குருவாக நடிப்பவர் இயக்குநர் ரொமெரோவே. கத்தோலிக்கராய் வளர்க்கப்பட்ட அவருடைய தாய்வழியும் லித்துவேனியம். முதியவர் மெல்லப் பேச்செடுத்து, சாமிக்குப் பேய்பிடிப்பதில் நம்பிக்கை உண்டா என்கிறார். குருவானவர் சங்கடத்தோடு சிரித்து, 1973-இல் வந்த 'எக்சார்சிஸ்ட்' படத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். பேச்சு நழுவிவிடுகிறது. அதன்பின் முதியவர் வேறொரு வயோதிகக் குருவைத் தேடிப்பிடித்துப் பேயோட்டும் சடங்குக்கு அழைத்து வருகிறார்.

இக்காட்சியில் நாம் நிறுத்தச் சொன்னோம். ஏனெனில் அவ்விருந்தில் நாமும் அமர்ந்திருக்கிறோம். முன்பு நாம் பணியாற்றிய பங்கொன்றில், ஒரு புதுநன்மை விருந்தின்போது முதியவர் ஒருவர் நம் காதருகே குனிந்து, "சாமி, எங்கள் பேரன் இரவெல்லாம் தனியாகப் பேசுகிறான். சாப்பாட்டில் விஷம் என்கிறான். இது பேய்தானே?" என்றார். "பரீட்சைப் பேயாயிருக்கும், பெரியவரே" என்று நாம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிரியாணி வந்தது. ஏழு மாதம் கழித்து உபதேசியார் ஓடிவந்து அழைத்தபோதுதான் அவ்வீட்டின் பின்புறத் தொழுவத்தைப் பார்த்தோம். பையனின் கழுத்தில் மூன்று உத்தரியங்கள். மணிக்கட்டில் கயிற்றுத் தழும்பு. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்த்தோம். இப்போது மாத்திரை உண்கிறான், வேலைக்குச் செல்கிறான். நம்மை வழியில் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அதற்கு அவனுக்கு உரிமை உண்டு.

கேட்டுச் சிரித்துவிட்ட குருவின் பிழை இது. எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. 'மார்ட்டின்' எடுக்கப்பட்ட அதே 1976-இல், ஜூலை முதல் நாள், ஜெர்மனியின் பவேரியாவில் கிளிங்கன்பெர்க் என்னும் ஊரில் அன்னலீசே மிக்கேல் என்னும் 23 வயது மாணவி இறந்தார். வலிப்பு நோய்க்கு மருந்து உண்டுவந்தவர். ஆயரின் அனுமதியோடு ஏறத்தாழ பத்து மாதங்களில் 67 முறை அவர்மீது பேயோட்டும் சடங்கு நடந்தது. இறுதியில் உணவும் நீருமின்றி மெலிந்து இறந்தார், மருத்துவர் அழைக்கப்படவில்லை. 1978-இல் நீதிமன்றம் பெற்றோரையும் இரு குருக்களையும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் எனத் தீர்த்து, நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதத் தண்டனை விதித்தது. அக்குடும்பத்தின் பக்தியை நாம் ஐயுறவில்லை. நம்மை அச்சுறுத்துவதும் அதுவே.

பேய் பிடித்திருக்கிறதென்று எளிதில் நம்பிவிடலாகாது என 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலே குருக்களை எச்சரித்திருந்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1172-ஆம் எண்ணின்படி, அவ்விடத்து ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதியின்றி எவரும் இச்சடங்கை நடத்த முடியாது. பக்தி, அறிவு, விவேகம், நேர்மையான வாழ்வு உள்ள குருவுக்கே அவ்வனுமதி தரத்தக்கது. மனநோயைக் கவனிப்பது மருத்துவத்தின் பொறுப்பு என்று மறைக்கல்வி நூலும் தெளிவாகக் கூறுகிறது. அப்படியிருந்தும் திருப்பயணத் தலங்களுக்கு ஆறு மாதம் அலைந்தபின் மருத்துவரிடம் வரும் குடும்பங்களை நாம் இன்றும் காண்கிறோம்.

நம் பேச்சு வழக்கையே எண்ணிப் பார்க்கலாம். செபமாலையோ படமோ வாங்கினால், "சாமி, மந்திரித்துத் தாருங்கள்" என்கிறோம். ஆசீர்வதித்தல் என்ற சொல் இருக்க, மந்திரம் என்ற சொல்லே நம் நாவில் நிலைத்துவிட்டது. அதனால் மட்டும் கேடில்லை. தாத்தா பாட்டி காலத்துச் சொல், அன்பாகவே வழங்குகிறது. ஆனால் தொழுவத்தில் கட்டுண்டவனின் கழுத்திலிருந்த அந்த மூன்று உத்தரியங்களையும் மந்திரித்துக் கொடுத்தவர் நாமேதான்.

இளைஞரிடம் இப்போது விடை சொல்லியாயிற்று. ஸ்டோக்கரின் அப்பத்தையும் மெழுகுவர்த்தித் தண்டுகளையும் விளக்கினோம். கிளிங்கன்பெர்க் பற்றிக் கேட்டபோது அவர்கள் நெடுநேரம் பேசவில்லை. ஒருவன் மட்டும், தன் அத்தை மகளை மனநல மருத்துவரிடம் காட்ட வீட்டில் எவ்வாறு பேச்செடுப்பது என்று, மற்ற மூவரும் சென்றபின் கேட்டான். மறுநாள் மாலை அவ்வீட்டுக்குச் சென்றோம்.

படத்தின் முடிவைச் சொல்லவில்லை. மார்ட்டின் பழகிய ஒரு பெண் தற்கொலை செய்துகொள்கிறாள். பல கொலைகள் செய்தவன் அவன். இந்த ஒரு சாவில் அவனுக்குப் பங்கில்லை. முதியவர் கேட்கவில்லை. படுக்கையிலேயே அவன் நெஞ்சில் மர ஆப்பை அறைந்து, தோட்டத்தில் புதைத்து, மேலே விதை தூவுகிறார். கவுண்ட் எங்கே போனான், ஏன் பேசுவதில்லை என்று நேயர்கள் வானொலியில் விசாரிக்கும் குரல்கள் கேட்கின்றன. முதியவர் குனிந்து, ஈரம் காயாத அம்மண்ணின் மேல் ஒரு சிறு சிலுவையை வைக்கிறார்.