துண்டு போட்ட இடம்

மலேசியாவின் சுங்கை வே தாராள வர்த்தக மண்டலத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் வன்தட்டு ஆலை இருந்தது. 2019 முடிவதற்குள் அதை மூடப்போவதாக நிறுவனம் 2018 ஜூலையில் அறிவித்தது. ஆலை போனாலும் வன்தட்டு நம் வீடுகளில் இருக்கிறது: கல்யாணப் படங்கள், கடைக் கணக்கு, கோயில் பதிவுகள். நல்ல தட்டையே பழுதென்று நினைத்து இவற்றை இழக்க வைக்கும் சிக்கல் ஒன்று உண்டு. பல ஜிபி காலி என்று திரை காட்டும்; ஒரு படத்தைச் சேமிக்கப் போனால் ‘இடமில்லை’ என்று வரும். சில சமயம் அழிக்கவும் விடாது.

பந்தியில் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் எழுதும் தரவு உடனே தட்டுக்குப் போவதில்லை. சிறிது நேரம் நினைவகத்தில் காத்திருக்கும். அதற்கான இடத்தைக் கோப்பு முறைமை முன்கூட்டியே பிடித்து வைக்கும். தேவை துல்லியமாகத் தெரியாததால் அதிகமாகவே பிடிக்கும். வேலை முடிந்ததும் மிச்சத்தை விட்டுவிட வேண்டும். துண்டை எடுக்க மறந்தால் காலி இடமும் ஆளிருக்கும் இடமாகக் கணக்கில் நிற்கும். குறைவாகப் பிடித்தால் இன்னும் மோசம். பாதி எழுதும்போதே இடம் தீர்ந்து, முறைமை வாசிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும்.

லினக்ஸில் 2009இல் சேர்ந்த பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இதில் நிறையவே அடிபட்டது. பழையதன் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவது அதன் வழக்கம். ஆகவே அழிப்பதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும். தட்டின் இடத்தை அது பெரிய பாளங்களாகப் பிரித்துக்கொள்ளும்: தரவுக்குத் தனிப் பாளங்கள், கோப்பு விவரங்களுக்குத் தனிப் பாளங்கள். தரவுப் பாளங்கள் பாதி காலியாகக் கிடந்தாலும், விவரங்களுக்குப் புதிய பாளம் கிடைக்காவிட்டால் எல்லாம் நின்றுவிடும். ஒரு வேலை பாடுபட்டு விடுவித்த இடத்தை இடையில் புகுந்த இன்னொன்று எடுத்துக்கொள்வதும் நடந்தது. 2016இல் அதன் நிரலாளர்களில் ஒருவரான ஜோசப் பாசிக் வரிசைச் சீட்டு முறையைக் கொண்டுவந்தார்: முதலில் காத்திருந்த வேலைக்கே முதலில் இடம். அந்தத் திருத்தத்தின் நியாயம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

லினக்ஸின் இன்னொரு கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4இல் இந்தச் சிக்கலுக்குக் காரணம் எளிது. நூற்றுக்கு 5 பங்கை நிர்வாகிக்கென்று ஒதுக்கிவிடும். 4 டிபி தட்டில் ஏறக்குறைய 200 ஜிபி. படங்கள் மட்டும் உள்ள தட்டில் இந்த ஒதுக்கீட்டை ‘டியூன்2எஃப்எஸ்’ கட்டளை கொண்டு குறைக்கலாம்.

பிடிஆர்எஃப்எஸ் என்றால், ஃபார்மெட் மட்டும் செய்துவிடாதீர்கள். ‘டிஎஃப்’ காட்டும் எண்ணை நம்பாமல், ‘ஃபைல்சிஸ்டம் யூசேஜ்’ கட்டளையில் எந்தப் பகுதி நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு, பாளங்களை மறுசீரமைக்கும் ‘பேலன்ஸ்’ கட்டளை. ‘டி-யூசேஜ்’ 0 என்று தொடங்கினால் முற்றிலும் காலியான பாளங்கள் திரும்ப வரும். அடுத்து 5, 10 என்று ஏற்றலாம். அதற்கும் இடமில்லை என்றால், காலியான பென்டிரைவ் ஒன்றைத் தற்காலிகமாக அதே முறைமையில் சேர்த்து, பேலன்ஸ் முடித்து, ‘டிவைஸ் ரிமூவ்’ கட்டளையால் விலக்குங்கள். அந்தக் கட்டளை முடியும்வரை பென்டிரைவைப் பிடுங்கவே கூடாது. உங்கள் தரவு அதற்குள்ளும் இருக்கும்.