அட்ஜஸ்டபிள் ஷாக் அப்சார்பர்: அந்தத் திருகு எதைத் திருகுகிறது?

பிஎம்டபிள்யூ எம்3 காரின் இ46 தலைமுறை 2000 முதல் 2006 வரை தயாரானது. 3.2 லிட்டர், ஆறு சிலிண்டர், ஐரோப்பிய வடிவத்தில் 343 குதிரைத்திறன். இன்றைக்கும் சாலையில் ஓடுகிற எம்3-களில் கம்பெனி போட்ட ஷாக் அப்சார்பர் பெரும்பாலும் களைத்துப் போயிருக்கும். மாற்றலாம் என்று தேட ஆரம்பித்தால், ஒரு திருகு உள்ளது, இரண்டு திருகு உள்ளது, பத்து கிளிக், பதினாறு கிளிக் என்று கடை விரிகிறது. திருகு கூடக் கூட விலையும் ஏறும். எதை வாங்குவது என்பதற்கு முன்னால், அந்தத் திருகு உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் எடையைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தை எண்ணெய் வழியாக வெப்பமாக்கித் தணிக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஷாக் தருகிற விசை, அது எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதைப் பொறுத்தது. இந்த ஒரு வரி பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

"வேகம்" என்றால் காரின் வேகம் இல்லை, ஷாக்கின் பிஸ்டன் வேகம். ஒரு வளைவில் திரும்பும்போது கார் பக்கவாட்டில் சாய்கிறது. அரை விநாடியில் ஷாக் 20 மி.மீ. அமுங்கினால் பிஸ்டன் வேகம் விநாடிக்கு 40 மி.மீ. அதே கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், 30 செ.மீ. நீளத்துக்குள் 4 செ.மீ. எழும்புகிற ஒரு மேட்டில் ஏறினால்? அந்த 30 செ.மீ.-ஐக் கடக்க 18 மில்லி விநாடிதான் ஆகும். அதற்குள் சக்கரம் 40 மி.மீ. மேலே போக வேண்டும். டயர் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும், ஆனாலும் வேகம் விநாடிக்கு 2 மீட்டர் பக்கம் வந்துவிடும். ஐம்பது மடங்கு வித்தியாசம்! சாய்வு, பிரேக் போட்டால் மூக்கு குத்துவது எல்லாம் குறைந்த வேகத்தில் நடக்கிறது. பள்ளம், மேடு எல்லாம் அதிக வேகத்தில்.

ஷாக்கின் உள்ளே இந்த இரண்டு வேலைக்கும் வேறு வேறு வழி இருக்கிறது. மெதுவான அசைவில் எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாகக் கசிகிறது. வேகமான அசைவில், அடுக்கடுக்காக வைத்த மெல்லிய எஃகுத் தகடுகள் வளைந்து வழிவிடுகின்றன. சாதாரணமாக நாம் வெளியே திருகுகிற திருகு பெரும்பாலும் அந்தச் சின்னத் துளையைத்தான் பெரிதாக்கும், சிறிதாக்கும். தகடு அடுக்கு தொழிற்சாலையில் போட்டது போட்டதுதான். பள்ளத்தில் விழும்போது முதுகில் அடிக்கிறது என்று திருகைத் தளர்த்தினால் பெரிய மாற்றம் தெரியாததற்குக் காரணம் இது. திருகு கெட்டுப்போகவில்லை, அதன் வேலை வேறு.

அடுத்தது திசை. சக்கரம் மேலே ஏற ஷாக் சுருங்குவது பம்ப். திரும்ப நீள்வது ரீபவுண்ட். சாலைக் காரில் ரீபவுண்ட் விசை பம்ப் விசையைவிட இரண்டு, மூன்று மடங்குகூட இருக்கும். பம்ப் இறுக்கமாக இருந்தால் சாலை தருகிற குத்து நேராக உடலுக்கு வந்துவிடும் என்பதால்தான் அப்படி. ஸ்பிரிங் சேமித்து வைத்த ஆற்றலைத் திரும்பக் கொடுக்கும்போது பிடித்துக்கொள்வதுதான் வசதி.

இப்போ கடைக்குள் போகலாம். கோனியின் மஞ்சள் நிற ஸ்போர்ட் வகை: திருகு ரீபவுண்டை மட்டும் மாற்றும். கேடபிள்யூ வேரியண்ட் 2-வும் அப்படியே. வேரியண்ட் 3-ல் பம்ப்புக்குத் தனி, ரீபவுண்டுக்குத் தனி. பில்ஸ்டீன் பி16-ன் பத்து கிளிக், ஓலின்ஸ் ரோடு அண்ட் டிராக் இரண்டிலும் ஒரே திருகு பம்ப், ரீபவுண்ட் இரண்டையும் சேர்த்து நகர்த்தும். "அட்ஜஸ்டபிள்" என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வேறு வேறு பொருள்கள். விளம்பரத்தில் கிளிக் எண்ணிக்கை கொட்டை எழுத்தில் இருக்கும். எந்தத் திசை என்பது பொடி எழுத்தில்.

சரி, எவ்வளவு தணிப்பு வேண்டும்? இதற்குக் கணக்கு உண்டு, பயப்பட வேண்டாம், கல்லூரி முதல் வருஷப் பாடம்தான். முன்பக்க ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்குகிற எடை 360 கிலோ, சக்கரத்தில் உணரப்படுகிற ஸ்பிரிங் விறைப்பு மி.மீ.-க்கு 36 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம் (கணக்கு எளிதாக வரத் தேர்ந்த எண்கள்). இயல்பு அதிர்வெண் 1.6 ஹெர்ட்ஸ். ஆட்டமே இல்லாமல் ஒரே மூச்சில் நிற்கத் தேவையான தணிப்பு 7,200 நியூட்டன்-விநாடி/மீட்டர். சொகுசுக் காரில் இதில் கால் பங்கு, முப்பது சதவீதம் இருக்கும். விரைவான சாலைக் காரில், மெதுவான அசைவுகளுக்கு மட்டும், அறுபது எழுபது சதவீதம் வரை போகலாம்.

இப்போ காரைத் தாழ்த்த வேண்டும் என்று இருமடங்கு விறைப்பான ஸ்பிரிங் போடுகிறோம், 72 நியூட்டன். அதிர்வெண் 2.25 ஆகிறது. தேவையான முழுத் தணிப்பு சுமார் 10,200-க்குத் தாவுகிறது. முன்பு முப்பது சதவீதம் தந்த அதே ஷாக் இப்போது 21 சதவீதம்தான் தருகிறது. கார் விறைப்பாகவும் இருக்கும், துள்ளிக்கொண்டும் இருக்கும். இரண்டு உலகத்திலும் மோசமானது கிடைக்கும். ஷாக்கில் திருகு வைத்ததன் உண்மையான பயன் இங்கேதான்: ஸ்பிரிங் மாறினால், தேய்மானம் வந்தால், தணிப்பை அதற்கேற்ப இழுத்து வைக்கலாம். ஸ்பிரிங்கை முடிவு செய்யாமல் ஷாக்கைத் தேர்ந்தெடுப்பது டேட்டா என்னவென்று தெரியாமல் டேட்டாபேஸ் வாங்குகிற மாதிரி.

எம்3-க்கு இன்னொரு நுணுக்கம். முன்பக்கம் ஸ்ட்ரட், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இருக்கும். பின்பக்கம் ஸ்பிரிங் உள்ளே தள்ளி கையின் மேல் உட்கார்ந்திருக்கும், ஷாக் தனியாக வெளியே நிற்கும். ஸ்பிரிங் சக்கரத்திலிருந்து தள்ளி இருப்பதால், அதன் விறைப்பு நெம்புகோல் விகிதத்தின் வர்க்கத்தால் குறைகிறது. விகிதம் 0.6 என்றால் சக்கரத்துக்கு வருவது 36 சதவீதம்தான். அதனால் பெட்டியில் அச்சிட்ட எண்ணை வைத்து முன்னையும் பின்னையும் ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

திருகை முழுக்க இறுக்கினால் ஸ்போர்ட்டியாக ஓடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கு. பார்க்கிங்கில் பானெட்டை அமுக்கினால் கல் மாதிரி இருக்கும், மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் தொடர்ந்து மூன்று நான்கு அலைகள் உள்ள சாலையில் ரீபவுண்ட் அதிகமாக இருந்தால், சக்கரம் கீழே இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டிலும் கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கடைசியில் பம்ப் ஸ்டாப் ரப்பரில் உட்கார்ந்துவிடும். இது வெறும் சொகுசுப் பிரச்னை இல்லை. ஈரமான சாலையில், வளைவின் நடுவில், பிரேக் மிதித்த நேரத்தில் டயர் அரை விநாடி லேசானால் அங்கே பிடிப்பு இருக்காது. ஏபிஎஸ்-கூட அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

என் கணிப்பு: கம்பெனி ஸ்பிரிங், அல்லது லேசாகத் தாழ்த்திய ஸ்பிரிங், தினசரி ஓட்டம் என்றால் ரீபவுண்ட் மட்டும் மாறுகிற வகை போதும். திருகவே விருப்பமில்லாதவருக்கு பில்ஸ்டீனின் திருகில்லாத பி6, தாழ்த்திய காருக்கு நீளம் குறைந்த பி8, இரண்டுமே மரியாதையான தேர்வு. இரண்டு திருகு வாங்குவது, விறைப்பான ஸ்பிரிங் போட்டு ரேஸ் டிராக்குக்கும் போகிறவருக்கு. அப்போதும் விற்பவரிடம் டைனோ கிராஃப் கேளுங்கள். ஒவ்வொரு கிளிக்கிலும் கோடு சீராக நகர்கிறதா, இடதும் வலதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். கிராஃப் இல்லை என்று சொல்கிற கடையில் கிளிக் எண்ணிக்கையை நான் நம்ப மாட்டேன்.

மாட்டிய பிறகு, தண்டு வெளியே தெரிகிற ஷாக்காக இருந்தால் அதில் ஒரு பிளாஸ்டிக் டை கட்டி விடுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் அது எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் பம்ப் ஸ்டாப் வரை போனதா என்பது தெரிந்துவிடும். போயிருந்தால் எத்தனை கிளிக் மாற்றினாலும் குத்து குறையாது. உயரத்தைக் கூட்ட வேண்டும்.

செட்டிங்குக்கு, முழுக்கத் தளர்த்திய நிலையில் தொடங்கி, தெரிந்த ஒரு சாலையில், அலைக்குப் பிறகு கார் ஒரே ஆட்டத்தில் நிற்கிற வரை ரீபவுண்டைக் கூட்டிக்கொண்டே போங்கள். முன்பக்கம் முடிந்த பிறகு பின்பக்கம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். ஒரே கமிட்டில் நாலு மாற்றம் போட்டால் எது உடைத்தது என்று தெரியாதே, அதே கதை. எண்ணும்போது முழுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் திறந்தது என்று எண்ணி எழுதி வையுங்கள். எம்3-ல் முன்பக்க மேல்முனை பானெட்டைத் திறந்தால் கைக்கு வரும். பின்பக்கத்துக்கு டிக்கியின் ஓரத் துணியை உரிக்க வேண்டியிருக்கும். சில ஷாக்கில் கழற்றி, முழுக்க அமுக்கி, தண்டைத் திருப்பித்தான் மாற்ற முடியும். அந்த வகையை வாங்கினால் மாட்டுவதற்கு முன்பே செட்டிங்கை முடிவு செய்துகொள்ளுங்கள்.