ரவுட்டருக்கும் காலாவதி உண்டு

சமையல் எரிவாயு சிலிண்டரின் கழுத்துப் பகுதியில் உள்ள பட்டையில் ‘பி 27’ என்பதுபோல ஒரு குறி இருக்கும். 2027ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டுக்குள் அதை மறுபடி சோதிக்க வேண்டும் என்பது அதன் பொருள். மாத்திரை அட்டையிலும் தேதி இருக்கிறது, பால் பாக்கெட்டிலும் இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து பிள்ளைகளின் பாடம் வரை வீட்டின் இணையப் போக்குவரத்து முழுவதும் கடந்துபோகும் ரவுட்டரில் மட்டும் அப்படியொரு தேதி இல்லை. தேதி இல்லாததால் அதற்கு முடிவே கிடையாது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால், தயாரித்த நிறுவனம் பாதுகாப்பு அப்டேட் தருவதை என்று நிறுத்துகிறதோ, அன்றே ரவுட்டரின் ஆயுள் முடிகிறது; விளக்குகள் எரிந்தாலும், வீடியோ தடையின்றி ஓடினாலும் அதில் மாற்றமில்லை.

ரவுட்டர் என்பது ஒரு சிறிய கணினி. அதற்குள் ஒரு மென்பொருள் ஓடுகிறது. எந்த மென்பொருளிலும் காலப்போக்கில் ஓட்டைகள் தெரியவரும். நிறுவனம் அப்டேட் அனுப்பி அவற்றை அடைக்கும். அப்டேட் நின்ற பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டை அப்படியே திறந்து கிடக்கும். கைபேசியில் அப்டேட் வந்தால் திரையில் அறிவிப்பு வரும். அலமாரி மேல் இருக்கும் ரவுட்டர் பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. இந்த மௌனத்தின் விலையை உலகம் பார்த்திருக்கிறது. 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல், ஆலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, பெரிய இணையதளங்களையே முடக்கியது. 2018இல் ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற இன்னொரு தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளில் புகுந்தது தெரியவந்தது. சீன அரசின் ஆதரவு பெற்ற ஊடுருவிகள் கைப்பற்றிய நூற்றுக்கணக்கான ரவுட்டர்களை மீட்டதாக அமெரிக்க நீதித்துறை 2024 ஜனவரியில் அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை அப்டேட் நின்றுபோன சிஸ்கோ, நெட்கியர் கருவிகள். தீநிரலை அழித்த பிறகும், பழைய கருவியை மாற்றிவிடுங்கள் என்றே அதிகாரிகள் அறிவுறுத்தினார்கள். நீதிமன்ற ஆணையோடு துடைத்தாலும் ஓட்டை அடைபடாது என்பதே காரணம்.

“என் வீட்டில் திருட என்ன இருக்கிறது?” என்று கேட்கலாம். ஊடுருவிக்குப் பெரும்பாலும் நம் கோப்புகள் தேவையில்லை. நம் இணைய முகவரிதான் தேவை. அந்த முகவரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவன் செய்யும் குற்றத்தின் தடம் நம் வாசலில் வந்து முடியும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்றுமுன் அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் வைஃபை இணைப்பு வழியாகப் போனது என்று விசாரணையில் தெரியவந்தது. காவல்துறை முதலில் சென்றது அந்த வீட்டுக்குத்தான். நமக்கே நேரடியான இழப்பும் வரலாம். ஊடுருவி ரவுட்டரின் அமைப்பை மாற்றிவிட்டால், வங்கியின் முகவரியைச் சரியாக அடித்தாலும் நம்மைப் போலிப் பக்கத்துக்குக் கொண்டுபோக முடியும்.

மறுபக்கம், தேவையில்லாமல் ரவுட்டரை மாற்றுவதும் நடக்கிறது. இணையம் மெதுவானதும் பழியை ரவுட்டர் மேல் போட்டுப் புதிதாக வாங்கிவிடுகிறோம். அதற்கு முன் மடிக்கணினியைக் கேபிளால் ரவுட்டரில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். அதிலும் வேகம் குறைவென்றால் பெரும்பாலும் கோளாறு இணைப்பில். இணைய நிறுவனத்திடம் புகார் சொல்லுங்கள். கேபிளில் சரியாக இருந்து வைஃபையில் மட்டும் குறைந்தால், ரவுட்டரை இரும்பு பீரோவின் பின்னாலிருந்து எடுத்து வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள். பக்கத்தில் இருக்கும் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணைத்திடுங்கள். கேபிள் துளையே 100 எம்பிபிஎஸ் அளவுக்குமேல் தாங்காத பழைய ரவுட்டரில் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்றால் மட்டுமே வேகத்துக்காக மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

சரி, ஆயுள் முடிந்ததை எப்படி அறிவது? ரவுட்டரைத் திருப்பினால் அடியில் மாடல் எண்ணும் பதிப்பு எண்ணும் இருக்கும். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அவற்றைத் தேடினால் கடைசி அப்டேட் வந்த தேதி தெரியும். ஆதரவு முடிந்த மாடல்களின் பட்டியலையும் பல நிறுவனங்கள் வெளியிடுகின்றன. உங்கள் மாடல் அதில் இருந்தாலோ, வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு முறைகளில் டபிள்யூபிஏ2 கூட இல்லாவிட்டாலோ மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். மாற்றும்வரை நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் பொத்தானை அழுத்தியே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்து வையுங்கள். இவை ஆபத்தைக் குறைக்கும், ஓட்டையை அடைக்காது.

“நல்லா ஓடுவதைத் தூக்கிப்போடச் சொல்வது நிறுவனங்களுக்கு லாபம் தேடித்தருவது இல்லையா?” என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் அப்டேட் காலத்தை நிறுவனங்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இது சட்டம்: எல்லாக் கருவிக்கும் ஒரே எளிய பாஸ்வேர்டு வைக்கக் கூடாது, குறைந்தது எதுவரை அப்டேட் கிடைக்கும் என்று அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகள் ஆதரவு தந்தாக வேண்டும். இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருளின் தரத்தையும் விலையையும் அறியும் உரிமையைத் தருகிறது. எத்தனை ஆண்டு பாதுகாப்பாக இயங்கும் என்பதும் தரத்தின் ஒரு பகுதிதான். கடையில் விலையைக் கேட்கும்போதே அப்டேட் எதுவரை என்றும் கேளுங்கள்.

இணைய நிறுவனமே ரவுட்டர் கொடுத்திருந்தால், அப்டேட் வருகிறதா என்று எழுத்தில் கேட்டுப் புகார் எண் வாங்குங்கள். பதில் திருப்தி தராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். கடையில் வாங்கிய கருவி என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் பறிபோயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். பழைய ரவுட்டரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஆலை அமைப்புக்கு மீட்டமைத்துப் பாஸ்வேர்டுகளை அழித்துவிட்டு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். மின்கழிவை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் விதிகள் தயாரிப்பாளர் மேலும் சுமத்தியிருக்கின்றன.

சிலிண்டரில் தேதி எழுதும் வழக்கம் ஆபத்தைத் தெரிந்துகொண்ட பிறகு வந்தது. ரவுட்டரின் ஆபத்தும் இப்போது தெரிந்துவிட்டது. சட்டம் அந்தத் தேதியை அச்சிட வைக்கும்வரை அதை நாமே எழுதலாம். மாடலைத் தேடிப் பார்த்து, ஆதரவு முடியும் ஆண்டை ஒரு சிறு தாளில் எழுதி ரவுட்டரின் மேல் ஒட்டிவிடுங்கள். தேடியும் ஆண்டு கிடைக்காவிட்டால், நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.